பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை கொல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. குத்துவிளக்கை ஏற்றிவிட்டு உட்கார வந்த தலைவருக்கு நாற்காலி இல்லை. அவர் பெயர் எழுதிய சீட்டு மட்டும் இருந்தது — வெறும் தரையில், நாலு மூலையிலும் செலோடேப் ஒட்டி, பத்திரமாக! அடுத்த வரிசையில் செயலாளர் நடராஜன் சாருக்கும் அதே கதி.

"சேர் கோத்தாய், பாப்பி? சேர்!" என்று, நாற்காலி எங்கே என்று பெங்காலியில் கத்தினார் செயலாளர்.

நாற்காலி, பந்தல் எல்லாம் சப்ளை செய்கிற டெக்கரேட்டர் பாப்பிதா, கையிலிருந்த பிளானை விரித்துக் காட்டினார். "ட்ராயிங்-ஏ தோ நேய், தாதா!"

ட்ராயிங்கில் இல்லையே அண்ணா, என்கிறார். உண்மைதான், இல்லை. பெயர் இருந்தது, ஒட்டிவிட்டார். நாற்காலி இல்லை, போடவில்லை. மனுஷர் மேல் என்ன தப்பு?

அந்த ட்ராயிங்கைப் போட்டவள் அடியேன்தான். ஆனால், நாற்காலியை அழித்தது நான் இல்லை... கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

பாலிகஞ்சில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் பிளான் வரைவது என் வேலை. எல்லாம் கம்ப்யூட்டரில், கேட் (CAD) என்கிற வரைபட சாஃப்ட்வேரில். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மவுஸை இடமிருந்து வலமாக இழுத்தால் நீலப் பெட்டி வரும். முழுசாக உள்ளே இருப்பதை மட்டும்தான் அது எடுத்துக்கொள்ளும். வலமிருந்து இடமாக இழுத்தால் பச்சைப் பெட்டி. ஓரத்தில் லேசாக உரசினால் போதும், அதையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். திசை மாறினால் தீர்ந்தது கதை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, நாற்காலி பிளானைப் பார்க்க நடராஜன் சார் பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முன் இரண்டு வரிசை சங்கத்துக் குடும்பங்களுக்கு, பெயரோடு. இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் என் கணவர் சுஜய், அவருக்கு அடுத்து செயலாளர், சுஜய்க்கு நேர் முன்னால் முதல் வரிசையில் தலைவர் என்று போட்டிருந்தேன்.

"ஏம்மா மீனா... உங்க வீட்டுக்காரர் பெங்காலி இல்லையா?"

கல்யாணத்தன்றே தெரியும் சார் என்று சொல்லியிருக்கலாம்.

"தப்பா நினைக்காதேம்மா. ரூல்னு ஒண்ணு இருக்கே. முன் வரிசைன்னா தாய்மொழி தமிழா இருக்கணும். அவர் பின்னாடி எங்கேயாவது உட்காரட்டும்."

சாரின் பேரனிடம் தமிழில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பெங்காலியில்தான் பதில் வரும். அவனுக்கு முதல் வரிசை. சுஜய் பதினைந்து வருஷமாகப் பொங்கல் சமையலறையில் பூசணிக்காய் நறுக்குகிறார், அண்டா தூக்குகிறார். அப்போதெல்லாம் "மாப்பிள்ளை, இங்கே ஒரு கை பிடிங்க!" நாற்காலி என்று வந்தால் மட்டும் பெங்காலி.

சுஜய் அடுத்த அறையில்தான் இருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

"நீ சிரமப்படாதே, நானே எடுத்துடறேன். பேங்க்ல கம்ப்யூட்டர் இன்சார்ஜே நான்தானே!" என்று சார் மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். நாற்காலி தனி, அதன் மேல் எழுதிய பெயர் தனி. இரண்டையும் சேர்த்து எடுக்கப் பெட்டி போட வேண்டும். போட்டார், வலமிருந்து இடமாக!

பச்சைப் பெட்டி. சுஜயின் நாற்காலியும் பெயரும் உள்ளே. கூடவே தலைவர் நாற்காலியின் முதுகும் செயலாளர் நாற்காலியின் கையும் ஓரத்தில் உரசின. மூன்று நாற்காலிகளும் புள்ளிக்கோடாக மாறின, அதாவது மூன்றும் மாட்டிக்கொண்டன. சார் கவனிக்காமல் டிலீட்டைத் தட்டினார். பெட்டிக்கு வெளியே இருந்த தலைவர், செயலாளர் பெயர்கள் மட்டும் தப்பின.

நான் பார்த்தேனா? பார்த்தேன். ஒரு பட்டனில் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாமா? தாராளமாக! வாயையே திறக்கவில்லையே. பிரிண்ட் எடுத்து, மடித்து, கையில் கொடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினேன்.

அதன் பலன்தான் ஞாயிற்றுக்கிழமை கண்டது. ஹால் நிரம்பி வழிந்தது. யாராவது எழுந்து இடம் கொடுத்தார்களா? எழுந்தால் அப்புறம் உட்கார முடியாது என்று எல்லோருக்கும் தெரியுமே. செயலாளர் அங்குமிங்கும் ஓடியதை நான் ரசித்தேன், மறைப்பானேன்? ஆனால் தலைவர், பாவம், முழங்கால் வலிக்காரர். ஒரு பாவமும் அறியாதவர். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்ததும் என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு சுஜய். காய் நறுக்க அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி. தலைவரின் பெயர்ச்சீட்டு மேல் சரியாக அதை வைத்து, ஈரத்தைத் தோள் துண்டால் துடைத்து, "உக்காருங்க சார்" என்றார்.

திரும்பிப் போகும்போது என்னருகே குனிந்தார்.

"ட்ராயிங் நீதானே போட்டே?"

"ஆமா."

"இவ்ளோ தப்பு நீ பண்ணமாட்டியே, மீனா."

நான் தரையைப் பார்த்தேன். சுஜய்க்காகத்தான் பழிவாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரிடம் இருந்த ஒரே நாற்காலியும் போனது. மீதி காயை நின்றுகொண்டே நறுக்கினார். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் செயலாளரிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை தங்கமான மனுஷன்மா! மானத்தைக் காப்பாத்திட்டார். கமிட்டியில பேசி முடிவு பண்ணிட்டோம்..."

முன் வரிசை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அடுத்த வருஷமும் சமையலறைப் பொறுப்பு அவருக்குத்தான்!"

வேலைக்குப் பச்சைப் பெட்டி, நாற்காலிக்கு நீலப் பெட்டி — சாருக்கா கேட் தெரியாது?