பங்காளி இல்லை என்று ஆனோம்

பரம்பரையைத் தேடுகிறவர்கள் ஒரு ஜமீன்தாராவது அகப்படுவார் என்று எதிர்பார்ப்பார்கள். நான் தேடியது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒருவரை. அப்படி ஒருவர் கிடைத்தால்தான் என் மகளுக்குக் கல்யாணம்.

சென்னையில் கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். விசாரித்தால் நம் சாதிசனம்தான், நாட்டரசன்கோட்டைக்காரர்கள். காரைக்குடிக்குப் பெண் பார்க்க வந்தார்கள். காபி குடிக்கும்போது குலதெய்வப் பேச்சு வந்தது. இரண்டு வீட்டுக்கும் சாக்கோட்டைப் பக்கத்து அய்யனார்தான். பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“சாமி ஒண்ணுன்னா நம்ம பங்காளியில்ல? அண்ணன் தங்கச்சிக்கா முடிச்சு வைக்கச் சொல்றீக?”

அந்தக் கோயிலின் மாசிக் களரித் திருவிழாவில் வருஷா வருஷம் ஒரே வரிசையில் பொங்கல் வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் முகம்தான் தெரியவில்லை. மகள் அழவில்லை, சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நாங்கள் நிஜமாகவே பங்காளிகள்தானா என்று சொந்தக்காரர்களைக் கேட்டேன். சிவகங்கைச் சீமையில் படை நடத்திய வம்சம் என்றார் சித்தப்பா. எந்தப் படை என்றதும் கோபித்துக்கொண்டார். கடைசியில் நாச்சியாபுரத்தில் இருக்கும் அத்தையிடம் போனேன், அப்பாவின் அக்கா. அவருக்குப் பரம்பரைப் பெருமையில் அக்கறை கிடையாது. யார் சாவுக்கு யார் என்ன செய்தார்கள் என்பதில் உண்டு.

“அந்தப் பையன் வீட்டு வகையறாவுல ஒரு பெரியவுக செத்தப்ப எங்கய்யா, ஒன் தாத்தா, கோடித் துணி எடுத்துக்கிட்டுப் போனாரு. நானும் கூடப் போனேன். பங்காளின்னா தீட்டுல்ல காக்கணும்? மாமன் மச்சான்தான கோடி போடுவாக?”

“அப்ப நம்ம யாரு அத்தை?”

“எங்கய்யாவப் பெத்தவரு அவுகளுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவருப்பா. மாமனார் வீட்டுச் சாமியவே கும்பிட்டாரு, நாமளும் கும்பிட்டோம். அதப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாகளா?”

“எங்குட்டிருந்து வந்தாரு?”

“கெழக்க இருந்து. அம்புட்டுத்தான் தெரியும்.”

வெட்கப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷம்தான் தாங்கவில்லை.

பையனின் அப்பா நேரில் வந்து அத்தையைக் கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து கோடி வந்தது அவர்கள் பக்கத்துக் கிழவர் ஒருவருக்கும் ஞாபகம் இருந்தது. பங்காளிகள் கூடிப் பேசினார்கள். நாங்கள் மாமன் மச்சான் முறைதான், கல்யாணத்துக்குத் தடையில்லை என்று முடிவானது. அப்படியானால் இனிமேல் பங்காளிகள் வரிசையில் எங்கள் பானை கூடாது என்றார்கள். சரி என்றேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இந்த மாசியில் சம்பந்தி முறையாக அழைத்தார், போனோம். எனக்கு மொட்டையடித்துக் காது குத்திய கோயில் அது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு மரியாதையாக உட்கார வைத்தார்கள். மகள் அந்த வீட்டு மருமகளாக வரிசையில் பானை வைத்துக் குலவையிட்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

பிறகு இலையில் பொங்கல் கொண்டுவந்தாள்.

“சாப்பிடுங்கப்பா, எங்க சாமி பொங்கல்” என்றாள்.

வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் சாமி கிழக்கே ஏதோ ஓர் ஊரில் இருக்கிறது. அதற்கு யார் பொங்கல் வைக்கிறார்களோ, தெரியவில்லை.