மலைக்கு அந்தப் பக்கம்

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு நடையில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும் கொளுக்கியில், ஒரே செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு மழைச்சட்டைகள் தொங்கிய ஒரு காலம் இருந்தது. ஒன்று என் கணவருடையது. மற்றது என்னுடையது என்று நினைத்துக்கொண்டு முதல்நாள் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கைகள் இரண்டும் விரல்நுனியைத் தாண்டித் தொங்கின. “அது தங்கச்சிக்கு வாங்கினது. சைக்கிளிலை போற மலைப்பக்கம் எந்த நேரமும் மழையெல்லே” என்றார் அவர், கடையில் பால் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல. நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். அன்றைக்கு வெட்டிய வெங்காயம் மூன்று நாள் சமையலுக்குப் போதுமாக இருந்தது.

தங்கச்சி என்று அவர் சொன்னது என் மச்சாளை, அவருடைய ஒரே தங்கையை. வெம்பிளியில் இருந்தாள். பாடசாலைச் சமையலறை ஒன்றில் வேலை. கணவன் இறந்து, பிள்ளைகளும் வேலை வேலை என்று தூரத்துக்குப் போய்விட்டபின், ஒவ்வொரு மாலையும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுப்பாள். நான் தட்டில் இடியப்பத்தை வைத்துவிட்டு நிற்பேன், அவர் “ஓம்... ஓம் பிள்ளை... அப்பிடியே?” என்று சிரித்துக்கொண்டிருப்பார். சொதி ஆறிப் போகும். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவள் அல்ல. மகன் பிறந்தபோது ஒரு மாதம் வந்து நின்று என்னைக் குளிக்க வார்த்து, பத்தியம் சமைத்துத் தந்தவள். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. ஒரு குறை அகப்பட்டிருந்தால் அதைச் சொல்லித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்கு அவளில் பொறாமை. இந்த வயதில் அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? என் கணவருக்கு முதல் ஆள் நானாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த இடத்தில், நான் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஒருத்தி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஏறி உட்கார்ந்தது சைக்கிள் பாரில். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போன வருடங்களில் ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அண்ணன் மிதிப்பார், தங்கை முன்பாரில் இருப்பாள். பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் அப்படித்தான். ஷெல் விழுந்த ஒரு பகலில் அவளைப் பாரில் வைத்துக்கொண்டு பருத்தித்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் மிதித்த கதையை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்வார். நடுவில் நான் பலகாரத் தட்டை நீட்டுவேன். நான் கொழும்புப் பிள்ளை. வெள்ளவத்தையில் பஸ் ஏறி இறங்கி வளர்ந்தவள். சைக்கிள் ஓடத் தெரியாது. கலியாணமான புதிதில், மோர்டனில் ஒரு பூங்காவில், “ஏறும், பாரிலை வைச்சு ஓடிக்காட்டுறன்” என்று அவர் ஒருநாள் கேட்டார். நாயோடு நடந்துகொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்தார். வெட்கத்தில் மாட்டேன் என்றேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஐம்பது வயது தாண்டியபின் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. காலையில் இன்சுலின் ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, பிந்தினால் சீனி இறங்கிவிடும். உடம்பு அசையவேண்டும் என்று டொக்டர் சொல்ல, கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார். அடுத்த கிழமையே மச்சாளும் ஒன்று வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தேம்ஸ் கரையோரம் ஓடினார்கள். பிறகொருநாள், இங்கிலாந்தின் வடக்கே லேக் டிஸ்ட்ரிக்டில் மலைகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே நாலு நாள் சைக்கிளில் சுற்றப்போகிறோம் என்று அறிவித்தார்கள். மதகு ஏறுவதையே ஏற்றம் என்று சொல்லும் ஊரில் பிறந்தவர்கள் இருவரும். மலை என்றால் என்னவென்று கால்களுக்குத் தெரியாது. “நீர் ஏன் சிரமப்படுறீர், வீட்டிலை ஆறுதலா இரும்” என்றார் அவர். நான் ஆறுதலாக இருக்கிற ஆளா? ஐந்து தரம் சோதனைக்குப் போய் எடுத்த கார் லைசென்ஸ் என்னிடம் இருந்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு காரில் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சாமான் என்றால் பெரும்பாலும் சாப்பாடுதான். வெளியில் வாங்கித் தின்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு மானப் பிரச்சினை. தங்கிய விடுதி அறையில் ரைஸ் குக்கரை ஒளித்து வைத்துச் சோறு போட்டேன். கத்தரிக்காய்ப் பொரியல், மாசிச் சம்பல், அவித்த முட்டை, பிளாஸ்க்கில் தேத்தண்ணி, சீனி இறங்கினால் அவர் வாயில் போடும் குளுக்கோஸ் குளிசை எல்லாம் ஒரு பெட்டியில். “சைக்கிளிலை பாரம் கூடினா ஏற ஏலாது, எல்லாம் காரிலை கிடக்கட்டும்” என்று அவர் சொன்னபோது, சட்டைப் பைக்குள் ஒரு பிஸ்கட்டாவது வையுங்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பசித்தால் என்னிடம்தானே வரவேண்டும் என்ற நினைப்பு எனக்கு இனித்தது.

முதல் இரண்டு நாளும் நான் பார்த்தது ஏரிகளை அல்ல, காரின் கண்ணாடியை. சொன்ன இடத்தில் போய் நிற்பேன். மலைச்சரிவில் கல் மதில்கள் கோடு கோடாக மேலே போகும். செம்மறிகள் என்னையே பார்த்துக்கொண்டு மெல்லும். பழைய காலத்தில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில்தான் இந்தத் தண்ணீர் நிற்கிறது என்று அவர் விடுதியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து வாசித்துக் காட்டியிருந்தார். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. பிறகு வளைவில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் தெரியும். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால், “அது ஒண்டுமில்லை மச்சாள், வழியிலை ஒரு ஆடு...” என்று அவள் தொடங்குவாள், இருவரும் மறுபடி சிரிப்பார்கள், கதை முடியாது. நான் சோற்றைப் போட்டுக் கொடுப்பேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, “தங்கச்சி, அந்த இறக்கத்திலை நீ பிரேக்கை விட்டிட்டாய் என்ன?” என்பார். சம்பல் எப்படியென்று ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கணவாயைத் தாண்டவேண்டும். அதன் பெயர் இப்போதும் என் வாயில் சரியாக வராது. ஏற்றம் தொடங்கும் அடிவாரத்தில், தேவாலயத்துக்குப் பக்கத்துக் கார் தரிப்பிடத்தில், பன்னிரண்டரைக்கு நான் நிற்கவேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். இதை அவர் இரண்டு தரம் சொன்னார். நான் சமையலை முடித்துப் புறப்படக் கொஞ்சம் பிந்திவிட்டது. ஏரியோரமாக ஓடும் பாதையில், தேவாலயத்துக்கு ஒரு மைல் இருக்கும்போதே அவர்களைக் கண்டேன். பாதையை விட்டு இறங்கிய ஒரு புல்வெளியில் மச்சாளின் சைக்கிள் மதிலில் சாய்ந்து கிடந்தது. அவள் அவருடைய சைக்கிளின் பாரில் இருந்தாள். ஐம்பதை எட்டும் மனுசி, நீண்ட கால்களை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு. அவர் அவளை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்காமலே சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நான் அப்படியொரு சிரிப்பை அவரிடமிருந்து கேட்டதில்லை.

நான் காரை நிறுத்தவில்லை. தேவாலயம் வந்தது, அங்கேயும் நிறுத்தவில்லை. பசித்தால் மலையேறி வரட்டும் என்று சொல்லிக்கொண்டு, முதல் கியரில் கார் முனகி முனகி ஏற, கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, அடுத்த ஏரியின் கரையில் போய் நின்றேன். சாப்பாட்டுப் பெட்டி பின்சீற்றில் இருந்தது. குளுக்கோஸ் குளிசை அதற்குள் இருக்கிறது என்பதும், அவர் காலையில் ஊசி போட்டவர் என்பதும் எனக்கு ஞாபகம் வந்தது அரை மணி நேரம் கழித்துத்தான். தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. திரும்பிப் போவதா என்று யோசித்தேன். திரும்பிப் போனால் ஏன் தாண்டிப் போனாய் என்று கேட்பார்களே என்ற வெட்கம் என்னை அங்கேயே பிடித்து வைத்தது. இப்போ வருவார்கள், இப்போ வருவார்கள் என்று ஒன்றரை மணி நேரம் இருந்தேன்.

இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார்கள். அவருடைய முகம் சாம்பல் பூத்திருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கைகால் நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறி மதிலோரம் சரிந்துவிட்டாராம். மச்சாள் நடுப்பாதையில் நின்று கையைக் காட்டி, மலையேற வந்த ஒரு வயதான சோடியை மறித்திருக்கிறாள். அவர்கள் தங்கள் பையிலிருந்து புதினா மணக்கும் வெள்ளைச் சீனிக்கட்டியை உடைத்து அவர் வாயில் போட்டார்களாம். அவர் காரின் கதவில் சாய்ந்துகொண்டு, “உம்மைத் தேவாலயத்தடியிலை எல்லே நிக்கச் சொன்னனான்?” என்றார். “மலைக்கு அந்தப் பக்கம் எண்டுதானே சொன்னியள்” என்றேன். என் குரல் பிசகவில்லை. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன் போலை” என்றார். சீனி இறங்கின ஆளுக்குத் தன் ஞாபகத்தில் நம்பிக்கை இல்லை. மச்சாள் பெட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்து அண்ணனுக்கு ஊட்டினாள். நான் சமைத்த சோறு.

நாலாம் நாள் பயணம் நடக்கவில்லை. மூன்று பேரும் காரில் லண்டனுக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேம்ஸ் கரைக்குப் போனார்கள், ஆனால் மலைப்பக்கம் போகவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் அந்தக் கதையைச் சொல்லுவார்: “இவவுக்கு இடத்தை மாறிச் சொல்லி, என்ரை உயிரை நானே எடுக்கப் பாத்தன்.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒவ்வொரு தரமும், மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். மறுநாள் அவருக்கு நல்ல மீன் வாங்கிச் சமைப்பேன். அத்தோடு போய்விடும்.

போன வருடம் அவர் போய்விட்டார். மாரடைப்பு, மலைக்கும் சீனிக்கும் சம்பந்தமில்லை என்றுதான் டொக்டர் சொன்னார். ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் மச்சாள் போகாமல் என்னோடு நின்றாள். மத்தியானம் இருவரும் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். உயரமான தட்டுகளில் அவள் வைப்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன். திடீரென்று கேட்டேன், “அண்டைக்கு மலையிலை நான் வேணுமெண்டுதான் நிக்காமல் போனனான். உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும் மச்சாள்” என்றாள், திரும்பாமல். “நான் பாரிலை இருந்து உங்கடை காரைக் கண்டனான். அண்ணைக்கு முதுகுப்பக்கம். அவர் காணேல்லை.”

“பிறகு ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை?”

அவள் கையில் இருந்த சட்டியைத் துடைத்து முடித்துவிட்டும் துடைத்துக்கொண்டே நின்றாள். “எப்பிடிச் சொல்றது? நான் கையைத் தூக்கியிருந்தா நீங்கள் கண்ணாடியிலை கண்டு நிப்பாட்டியிருப்பியள். நான் தூக்கேல்லை. நீங்கள் வந்தா சாப்பாடு, குளிசை, பிறகு அண்ணை உங்கடை ஆள். எனக்கு இன்னும் கொஞ்சநேரம் வேணும்போலை இருந்தது. தேவாலயத்தடியிலையும் அண்ணை பாத்துக்கொண்டு நிப்பம் எண்டுதான் சொன்னவர். நான்தான், மச்சாள் மேலை நிப்பா, வாங்கோ ஏறுவம் எண்டு கூட்டிக்கொண்டு போனனான்.”

அவள் அழுதாள். நான் அவளுடைய கையிலிருந்து சட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். பாரம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று நானும் அழுதிருக்கவேண்டும். எனக்கு வந்தது பழைய எரிச்சல்தான். அவருடைய சின்ன வயது அவளுடையது, அவருடைய சிரிப்பு அவளுடையது, மாலை நேரத் தொலைபேசியும் அவளுடையது. அவருக்கு நான் செய்த துரோகம் ஒன்றுதான் இத்தனை வருடமாக முழுக்க முழுக்க என்னுடையதாக இருந்தது. அதிலும் பாதி அவளுடையதாம்.