வெயில் பக்கத்து இருக்கை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பேருந்து ஏறுகிறவர்கள் யாரும் சூரியனைப் பார்ப்பதில்லை. நான் மட்டும் பார்ப்பேன். கிள்ளானில் வீடு போய்ச் சேரும் வரை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய் உட்காருவேன். பதினாறு வருடமாக இதே கூத்து. "என்னாண்ணே, ஏர்கோன் பஸ்ல சூரியன் உங்கள என்னா செய்யும்? எங்கியாச்சும் உக்காருங்க லா" என்று கேலி செய்வான் என்னோடு கடையில் வேலை பார்க்கும் குமரன். அவன் இங்கேயே, ரவாங்கில் பிறந்து வளர்ந்தவன். சித்திரை வெயிலில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ்ஸுக்கு நின்றிருந்தால் தெரிந்திருக்கும். வண்டி நிற்பதற்குள் நிழல் பக்கத்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊர்க்காரன் நான். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விமானத்திலும் துண்டு போடாத குறைதான். கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்குக் காலை விமானம் என்றால் வலது பக்கம் வெயில், இடது பக்கம் நிழல். வலது பக்கம் உட்கார்ந்தால் கிள்ளான் கரை, துறைமுகம், தீவுகள் எல்லாம் தெரியும். இடது பக்கம் வெறும் கடல். நான் எப்போதும் இடது பக்கம்தான் போடுவேன், போட்டதும் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுவேன். என் மனைவி மேகலாவுக்கு அது ஆகவே ஆகாது. "தூங்குறதுக்கு எதுக்குங்க ஜன்னலு? நடுவுல உக்காந்தும் தூங்கலாமே" என்பாள். எதிர்வரிசைக்காரர்களின் ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து ஊருக்குப் போனபோது, "நம்ம வீடு மேலேருந்து எப்படி இருக்குன்னு பாக்கணும், இந்த ஒரு தடவ வலது பக்கம் போடுங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு இடது பக்கமே போட்டேன். முகம் வாடிப்போனவளிடம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதற்குப் பிறகு மூன்றே மாதம். டெங்கிக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தவளை ஆறாம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

இங்குள்ள நம்மவர்கள் வழக்கப்படி, கிள்ளானில் படகு பிடித்துக் கடலுக்குள் போய் அஸ்தியைக் கரைத்தோம். அதற்கு முந்தின நாள் அத்தை, மேகலாவின் அம்மா, லால்குடியில் இருந்து போன் செய்தார். "ஒரு பிடியாச்சும் கொண்டாந்து காவேரில விடுங்க மாப்ள." பிளேனில் விட மாட்டார்கள் அத்தை என்றேன். அது பொய். காகிதங்கள் இருந்தால் தாராளமாகக் கொண்டுபோகலாம். அவளைப் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பெற்றவளுக்கு ஒரு பிடி சாம்பல்கூடக் கிடைக்காமல் செய்துவிட்டு, இரண்டு வருடம் அந்த அம்மாவிடம் நல்ல மாப்பிள்ளை என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் பேருந்தில் நிழல் பக்கம் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் யாரோ தலையைச் சாய்த்து வெளியே பார்ப்பது கடைக்கண்ணில் தெரியும். திரும்பிப் பார்த்தால் இருக்கை காலியாக இருக்கும். பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. திரும்பாமல் இருந்திருக்கலாமே என்றுதான் இருக்கும். ஒருமுறை ஊருக்குத் தனியாகப் போனபோது வலது பக்கம் போட்டுக்கொண்டேன். வெயில் முகத்தில் அறைந்தது. "பானாஸ் லா, பாஸ்", சுடுகிறது என்று மறைப்பை இறக்கச் சொன்னார் பக்கத்தில் இருந்த மலாய்க்காரர். எனக்குத் தெரிந்த மலாயில், கீழே கைகாட்டி, "இஸ்திரி சாயா, டி சானா" என்றேன். என் மனைவி, அதோ அங்கே. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓ, கிள்ளானா, என் அக்காவும் அங்கேதான் என்று சொல்லி, என் மனைவிக்குத் தன் சலாமையும் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

இந்த வருடம் திதிக்கு நானும் வருகிறேன் என்று அத்தை கிளம்பிவிட்டார். அவருக்கு முதல் விமானம். அழைத்துவர நான் லால்குடி போயிருந்தேன். இருக்கை போடும் படம் போனில் விரிந்தபோது விரல் நகரவில்லை. திருச்சியில் இருந்து காலையில் வரும்போது எல்லாம் தலைகீழ்: இடது பக்கம் வெயிலும் கரையும், வலது பக்கம் நிழல். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, கண்ணில் புரை நீக்கியவர். நிழல் பக்கம் போட்டால் குற்றம் சொல்ல யாரும் இல்லை, அவருக்கு எந்த இடத்தையும் காட்ட வேண்டியும் இருக்காது. இடது பக்கம் போட்டேன்.

கரை நெருங்கியதும் பழுப்புத் தண்ணீரும் கப்பல்களும் தெரிந்தன. அத்தை கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்துகொண்டார்.

"எந்த எடம் மாப்ள?"

எனக்கே தெரியவில்லை. படகில் போனபோது அது ஓர் இடமாக இருந்தது, மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். குத்துமதிப்பாக ஒரு தீவுப் பக்கம் கைகாட்டினேன். "அத்த, பிளேன்ல விடமாட்டாங்கன்னு அன்னைக்கு சொன்னது பொய்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தெரியும். பக்கத்து வீட்டு சுந்தரம் துபாய்லேருந்து அவங்கண்ணன் அஸ்திய பைல வச்சுத்தான கொண்டாந்தான்."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா குடுத்துருப்பீங்க. குடுத்துட்டு அங்க ஒத்தையா என்ன பண்ணுவீங்க?"

அதற்குப் பிறகு நான் அவருக்கு எதையும் காட்டவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் போறப்ப எனக்கு ஜன்னல் வேணாம். அவள விட்டுட்டுப் போறத என்னால பாத்துக்கிட்டே போக முடியாது" என்றார்.

திதி முடிந்து பத்தாம் நாள் அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனேன். கேட்டபடி ஜன்னல் இல்லாத இருக்கை. ஊருக்குப் போகும் தெரிந்த குடும்பம் ஒன்று துணைக்கு இருந்தது. பாதுகாப்புச் சோதனை வாசலில் அவர் நின்று திரும்பினார். "வீட்டுக்குப் போனதும் போன் பண்ணுங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.