தாளில் விடுபட்ட அறுபத்தொரு கிலோ

1971 ஜூன் 14. ஏற்றிய சரக்கு: 1,186 கிலோ.
அதே நாள், காலை 10.20. விழுந்த உயரம்: சுமார் 640 மீட்டர்.
முறிந்த எலும்புகள்: பதினொன்று.
ஆகஸ்ட் 30. வீடு திரும்பிய நாள். மருத்துவமனையில் கழிந்தவை: 77 நாட்கள்.

முதல் வரியில் பிழை இருக்கிறது. 1,247 என்றிருக்க வேண்டும். விட்டுப்போன அறுபத்தொரு கிலோ, அதை எழுதியவரின் சொந்த எடை.

சரக்கு விமான நிலையத்தில் அவர் எடை எழுத்தர். எல்லோரும் அவரைக் கூப்பிடுவது 'தராசு' என்றுதான். பதினெட்டு வருடங்களாக ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து, ஏற்றத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டவர். எடை மேடைக்கு வந்ததை எல்லாம் எழுதினார். தான் ஒரு நாளும் அதில் ஏறி நின்றதில்லை.

அன்று தாளை முடித்த பிறகுதான் விமானத்துக்குள் சரக்கைக் கட்டிய கயிறு ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்டார். இழுத்துக் கட்ட ஏறினார். விமானிக்கு அவசரம்.

"அப்படியே வந்துடுங்கண்ணே, மத்தியானம் திரும்பிடலாம். தாள்ல எல்லாம் சரிதானே?"

"எல்லாம் எழுதியாச்சு, கிளப்பு."

நாக்குக்குப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது.

விமானம் மேலே ஏறிய பிறகும் பக்கக் கதவில் முதுகைக் கொடுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். கதவின் கொண்டி கழன்றது. அலறினாரா என்பது அவருக்கே நினைவில்லை. தன் செருப்பு ஒன்று தலைக்கு மேலே கூடவே வந்ததுதான் நினைவு. பிறகு மரங்கள், மடமடவென்று கிளைகள், மார்பளவு சேறு. நாணல் அறுத்துக்கொண்டிருந்த இருவர் அவரைப் படகில் இழுத்துப் போட்டார்கள்.

தாளில் இல்லாத ஆளை ஏற்றியதாக விமானியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அவன் மருத்துவமனைக்கு வந்து, "நீங்க பிழைச்சதே போதும்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மைத்துனனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஈ உக்காந்தாக்கூட எடை எழுதுற மனுஷன், தன்னை எழுத மறந்துட்டாரே! அத்தான், பேசாம இருங்க. அவன்தான் மாட்டியிருக்கான், உங்க வேலை தப்பிச்சிடும்."

மனைவியும் தலையைக் குனிந்தபடி, "அவன் சொல்றதும் சரிதாங்க," என்றாள்.

"பைலட் கேட்டான். எழுதியாச்சுன்னு சொன்னது நான். பேனாவை எடு."

வலக்கையில் மாவுக்கட்டு. இடக்கையால் மேலிடத்துக்குக் கோணல்மாணலாக எழுதினார்: கேள்வி, பதில், நேரம், மருத்துவமனைச் சீட்டில் இருந்த தன் எடை.

அக்டோபரில் பதில் வந்தது. அவர் வேலை போயிற்று. விமானியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவி அதை இரண்டு முறை படித்தாள். "சரி, இனிமே மத்தியானமும் வீட்லயே சூடா சாப்பிடலாம்," என்று மடித்து வைத்தாள்.

அதன்பின் மாதம் ஒரு கடிதம் போட்டார். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி: அவனை எப்போது பறக்க விடுவீர்கள்? முதல் மூன்று கடிதங்களுக்கும் சத்தமே இல்லை. நான்காவதற்குப் பதில் வந்தது. உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று ஒரே வரி.

அந்தப் பதில் வந்து சேர்ந்த நாள்: 1972 பிப்ரவரி 17.