காலையில் கொடுத்த அரை மாத்திரை

கோவிந்தம்மாளுக்குச் சாப்பிட்டது நினைவில் இருப்பதில்லை, பெற்ற மகனின் பெயர் பாதி நாள் வாயில் வருவதில்லை. ஆனால் விடிந்ததும் கம்பெனி பஸ் வரும் என்பது மட்டும் மறக்கவே மறக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆயுளில் பாதியைத் தையல் மெஷின் முன்னால் கழித்தவள். வேலையிலிருந்து நின்று வருடங்கள் ஆகியும், காலி டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பிவிடுவாள்.

அவள் கணவர் வேலாயுதம் தோல் பதனிடும் டேனரியில் உழைத்து ஓய்ந்தவர். கல்யாணமான நாளாக ஒரு தம்ளரைக்கூடக் கழுவியறியாத மகராசன். இப்போது சோறு வடிப்பதும், அவளைக் குளிப்பாட்டுவதும், ராத்திரியில் அவள் எழும்போதெல்லாம் கூடவே எழுவதும் அவர் தலையில் விழுந்துவிட்டது. ஒருநாள் அசந்து தூங்கிவிட்டார். அவள் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிப் பேரணாம்பட்டு போய்விட்டாள். பித்துப் பிடித்தவர் மாதிரி தேடி, சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்.

வேலூர் டாக்டரம்மா இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். ஒன்று ஞாபகத்துக்கு, தினமும். இன்னொன்று, ராத்திரியில் ரொம்ப முரண்டு பிடித்தால் மட்டும், அதுவும் அரை. பேரணாம்பட்டு அலைச்சலுக்குப் பிறகு வேலாயுதம் அந்த அரையைக் காலை டீயோடும் தினமும் கொடுக்க ஆரம்பித்தார். யாரையும் கேட்கவில்லை. பஸ் வந்து போகும், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவரும் பக்கத்தில் பாயை விரித்து விழுவார். எத்தனையோ மாதம் கழித்து வந்த தூக்கம் அது. குற்றம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

கொஞ்ச நாளில் அவள் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. பாத்ரூமில் விழுந்து நெற்றி வீங்கியது. ஒருநாள் சோறு தொண்டையில் சிக்கி அவளுக்குக் கண் செருகியபோது வேலாயுதத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளையும் வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேலூருக்கு ஓடினார்.

அவள் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பாமல் இருக்கக் காலையிலும் அரை கொடுத்ததை ஒளிக்காமல் சொன்னார். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகத்தான் சொன்னார்.

"இது தூக்க மாத்திரை இல்லீங்க ஐயா. ஜாஸ்தியானா விழுவாங்க, சோறு புரையேறும், உயிருக்கே ஆபத்து. காலையில குடுக்கறத நிறுத்திடுங்க. இனிமே நீங்களா கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். எதுன்னாலும் என்னைக் கேளுங்க."

"அப்போ அந்த பஸ்ஸுக்கு இன்னாம்மா பண்றது?"

"பஸ்ஸுக்கு மாத்திரை கெடையாதுங்க. நீங்களும் கூடப் போய்ப் பாருங்க."

கூடப் போய்ப் பார்ப்பதாம். சொல்கிறவருக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மந்தம் தெளிந்ததும் கோவிந்தம்மாள் மறுபடி பையை எடுத்தாள். வேலாயுதம் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். பஸ் வந்தது. டிரைவர் நிசார் அஹமது அவள் வேலை பார்த்த காலத்திலிருந்து ஓட்டுகிறவர். வேலாயுதம் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னிக்கு உங்க தையல் லைனுக்கு லீவு. வீட்டுக்குப் போங்க."

"நெஜமாவா? சம்பளம் புடிக்க மாட்டாங்களே?"

"புடிக்க மாட்டாங்கக்கா."

பஸ்ஸில் இருந்த பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் லீவுதான். மழை பெய்தாலும், அவருக்கே காய்ச்சல் அடித்தாலும் வேலாயுதம் போய் நின்றாக வேண்டும். ராத்திரித் தூக்கமும் கிடையாது. உடம்பு இற்றுப்போய்விட்டது. எதற்கடா இந்தப் பிழைப்பு என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

நேற்றும் போய்த் திரும்பினார்கள். செருப்பைக் கழற்ற உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர, தலை சுவரில் இடித்தது. கோவிந்தம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாய்யா, இப்படி வாடிப் போய்ட்டே? எனக்குத்தான் இன்னிக்கு லீவாச்சே. வீட்ட நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

வேலாயுதத்துக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வாயைத்தானே தினமும் காலையில் அடைத்து வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டார். எழுந்து கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் சொன்னதற்காகப் போய்ப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தூங்கவில்லை.