கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை

எந்தக் காகிதத்தை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், எதை எப்போது கிழிக்கலாம் என்று சொல்வதற்கே எனக்கு ஒரு தொழிற்சாலை ஆயுள் முழுக்கச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஞானத்தைத் தேடி யாரும் வரவில்லை. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனன் மட்டும் வந்தான். அதுவும் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு.

அவன் செய்து கொடுத்த சரக்கு முழுவதும் அளவு தப்பு என்று பூந்தமல்லி கம்பெனி ஒன்று நஷ்ட ஈடு கேட்டிருந்தது. அளவை மாற்றச் சொன்னதே அவர்கள்தான். வழக்கில் தோற்றால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

“மாத்தச் சொன்ன மெயில் இருக்கா?”

“கம்ப்யூட்டர்ல பத்திரமா கீது மாமா.”

நோட்டீஸ் வந்த நிமிடத்திலிருந்து எதையும் அழிக்கக் கூடாது, வழக்கமாக அழிக்கிற குப்பையைக்கூட, என்று விளக்கினேன். அதை ஒரு பக்கம் தட்டச்சு செய்து அவன் கையெழுத்தும் வாங்கினேன். வக்கீலுக்கு ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். “பூஜை முடிஞ்சதும் எடுத்துடறேன் மாமா” என்றான்.

ஆயுத பூஜைக்குப் போனேன். லேத்துகளுக்கு விபூதிப் பட்டை, கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை.

“வருஷா வருஷம் வெளிய மட்டும் தொடைப்போம். இந்த வாட்டி உள்ளயும் க்ளீன் பண்ணிட்டோம் மாமா. பழைய மெயில் ஒண்ணு கெடையாது.”

“குப்பைத் தொட்டியிலாவது கிடக்குமே?”

“பூஜை அன்னிக்கு யாராவது குப்பைய வெச்சிக்கினு இருப்பாங்களா? அதையும் காலி பண்ணிட்டேன்.”

“நான் எழுதிக் கொடுத்த தாள்?”

“அதுக்கும் பொட்டு வெச்சிக்கீறேன், பாருங்க.”

சுவரில் ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

“இன்னாங்க, அந்த மெயிலத்தானே போட்டோ புடிச்சு நம்ம குடும்ப குரூப்ல போட்டான்? லேத் ஓட்றவருக்கு அனுப்பறேன்னு நமக்கு அனுப்பிட்டானே! பெரியம்மாகூட ‘வாழ்த்துகள்’னு போட்டாங்களே.”

நினைவு வந்தது. தொழில் ரகசியத்தைக் குடும்பக் குழுவில் போடுவதா என்று அன்று அவனை நீளமாகக் கண்டித்தேன். என் போனில் நானும் அழித்தேன், அவன் போனிலும் அழிக்க வைத்தேன். மனைவி எதையுமே அழிப்பவள் அல்ல. இடமில்லை என்று அவள் போன் ஓயாமல் முனகும். நான் அதைச் சொல்லி ஓயாமல் சண்டை போடுவேன். காலை வணக்க ரோஜாக்களையும் வேல் ஏந்திய முருகன்களையும் தள்ளித் தள்ளிப் போனதில், அனுப்பியவர், தேதி, புது அளவு எல்லாம் தெளிவாக அந்தப் படம் கிடைத்தது.

வக்கீல் பார்த்தார். “வெறும் போட்டோதான் சார். ஆனா ஒரிஜினல் அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட இருக்குமே. இதைப் பாத்தப்புறம் அனுப்பவே இல்லன்னு கோர்ட்ல சொல்ல தைரியம் வராது.” பிறகு மனைவியிடம், “கேஸ் முடியற வரைக்கும் இதுல ஒண்ணும் அழிக்காதீங்கம்மா” என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

வக்கீல் சொன்னபடியே ஆயிற்று. கம்பெனி நோட்டீஸைத் திரும்பப் பெற்றது, சரக்கையும் எடுத்துக்கொண்டது.

“கேஸ் முடிஞ்சுது. இனி அந்த ரோஜாவையெல்லாம் அழிக்கலாம்” என்றேன்.

“வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கினு வாங்க” என்றாள்.