தண்ணீர்ச் சண்டையும் தப்பிய என் படிப்பும்

போதகர் ஐயா பல ஞாயிறாகச் சாட்சி சொல்லும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால்தான் எழுந்து நிற்கிறேன். இனிப்பான சாட்சியை எதிர்பார்க்காதீர்கள். கர்த்தர் எனக்குப் பதில் கொடுத்தார், அது நிச்சயம். ஆனால் மனம் இன்னும் கசந்துதான் கிடக்கிறது.

குருவிட்டவில் இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்திலிருந்து கெம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவள் நான். போன வருடம் மழை பொய்த்தபோது எங்கள் பெண்கள் விடுதியில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் குழாயடியில் வாளிகளை வைத்து இடம் பிடிப்பார்கள். நம் லயத்து வீடுகளிலும் அதுதானே வழக்கம்? சிங்களப் பிள்ளைகள் ஆள் நின்றால்தான் இடம் என்று வாளிகளை ஒதுக்கிவிடுவார்கள்.

"நீதானே ரெண்டு பாஷையும் கதைப்பாய், போய்ச் சொல்லு" என்றார் யாழ்ப்பாணத்து வினோதா அக்கா. வாளியைத் தொட்டால் கையை முறிப்போம் என்பதுதான் செய்தி. போய்ச் சொன்னேன். சிங்களப் பிள்ளைகள் பக்கத்துச் சமாலி, தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்குப் போய்ப் பிடிக்கச் சொல் என்றாள். வந்து சொன்னேன். மறுநாள் குழாயடியில் தள்ளுமுள்ளு. சமாலி விழுந்து கை உடைந்தது.

விசாரணையில் வினோதா அக்கா, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சமாலியும் அதையேதான் சொன்னாள். எல்லாம் நான் கட்டிவிட்ட கதையாம். அவ்வளவு நாளும் முகம் பாராதவர்கள் அன்றைக்கு ஒற்றுமையானார்கள். ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று வார்டன் மேடத்துக்கும் சந்தோஷம். விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வராதே, கலகம் மூட்டியது நீதான் என்று முடிவானால் படிப்பு போய்விடும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போதும் ஜெபம், வரும்போதும் ஜெபம். எனக்கு ஜெபம் வரவில்லை. "நான் பொய் சொல்லவில்லை என்று உமக்குத் தெரியும். உமக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோசனம்?" என்று ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன்.

கடைசி விசாரணை நாள். வரக்காப்பொல முஸ்லிம் பிள்ளை ரிஸ்னா, என் அறைத்தோழி, யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தாள். அவளுக்கும் இரண்டு பாஷையும் தெரியும். செய்தி சொல்லப் போனபோதெல்லாம் துணைக்கு என்னோடு வந்தவள் அவள்; ஆனால் அதுவரை விசாரணையில் வாயே திறக்காதவள். நான் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சிங்களத்தில் சொன்னாள். என் படிப்பு தப்பியது.

வெளியே வந்து கேட்டேன்: "ஏன் இவ்வளவு நாளா சும்மா இருந்த?"

"பயந்துட்டன். என்னையும் ஒதுக்கிப் போடுவாங்கன்னு நெனச்சன்."

அவள் பயந்தபடியே நடந்தது. இப்போது இரண்டு கூட்டமும் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. ஆனாலும் சண்டை வந்தால் எங்களைத்தான் தேடுகிறார்கள். நான் யாருக்கும் தூது போவதில்லை. எதிரெதிரே உட்காருங்கள், அப்போதுதான் மொழிபெயர்ப்பேன் என்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது பாதி வசவு வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

உங்களுக்காகப் பேச ஒருவரும் இல்லாவிட்டால் கர்த்தரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார். வினோதா அக்காவும் சமாலியும் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்களை மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் நின்று பொய் சொல்ல என்னால் முடியாது. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.